மார்க்கர் போதும் என்று சொல்வதில்லை

இந்த ஜில்லாவில் எந்த மண் கோர்ட்டில் வேண்டுமானாலும் போய்த் தோள் உயரத்திலிருந்து ஒரு பந்தைக் கீழே விடுங்கள். நேராக எழும்பி இடுப்புக்கு வந்தால் அது நான் போட்ட கோர்ட். காலைச் சுற்றிக்கொண்டு ஓடினால் வேறு யாரோ போட்டது. பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைதான், ஆனால் உண்மையும்கூட. பள்ளிக்கூடத்தில் நான் பெஞ்சு தேய்த்தது ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். இன்றைக்கு என் பெயர் எழுதின லாரி செம்மண் ஏற்றிக்கொண்டு வேலூர் வரைக்கும் போகிறது. டென்னிஸ் மட்டையை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாத என் மருமகனுக்குக்கூட, என் பெயரைச் சொன்னால் கிளப்புகளில் நாற்காலி போடுகிறார்கள்.

இந்த லாரிக்கும் மண்ணுக்கும் முன்னால் நான் ஒரு ஆட்டக்காரன். சம்பளம் வாங்கிக்கொண்டு டென்னிஸ் ஆடினவன். காஞ்சிபுரத்தில், அறுபதுகளில், அப்படி ஒரு பிழைப்பு இருந்தது என்று சொன்னால் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். இருந்தது. அதற்கு மார்க்கர் என்று பெயர்.

கிளப்பில் மெம்பர்கள் இருப்பார்கள். டாக்டர், வக்கீல், பட்டு வியாபாரி, மாற்றலில் வந்த அதிகாரி. சாயங்காலம் எதிரில் நின்று ஆட ஆள் கிடைக்காதவருக்கு எதிரில் நிற்பவன்தான் மார்க்கர். காலையில் கோர்ட்டுக்கு மண்ணும் சாணியும் கரைத்து மெழுகுவான். உருளை இழுப்பான். சுண்ணாம்பில் கோடு போடுவான். அறுந்த மட்டைக்கு நரம்பு கட்டுவான். சாயங்காலம் அவனே வெள்ளை உடுப்பை மாட்டிக்கொண்டு ஆடுவான். உட்கார நாற்காலி கிடையாது. தண்ணீர் தோட்டத்துக் குழாயில்.

என் அப்பா சின்ன காஞ்சிபுரத்தில் அடுத்தவர் தறியில் நெய்தவர். எனக்குத் தறிக் குழியில் காலை விட்டால் மரத்துப்போய்விடும். எழுந்து ஓட வேண்டும் போலிருக்கும். "உன் காலு ஓடிக்கினே இருந்தா கை எப்பிடிடா நெய்யும்?" என்று அப்பா கேட்டார். அதனால் ஓடுகிற வேலையாகப் பார்த்துப் போனேன். பதினாறு வயதில் கிளப்பில் மார்க்கருக்குக் கையாளாகச் சேர்ந்தேன்.

அப்போது இருந்த மார்க்கர் ஓரிக்கைக்காரர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். எண்ணெய் வைத்து வழித்துச் சீவின தலை, மேல் உதட்டில் பென்சில் கோடு மாதிரி மீசை. கல்யாணமாகிக் கைக்குழந்தை இருந்தது. நான் அண்ணா என்று கூப்பிடுவேன். அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கு யாரும் எதுவும் சொல்லிக்கொடுத்ததில்லை. நான் பார்த்துப் பிடித்துக்கொண்டேன். ஆனால் தொழிலின் சட்டத்தை மட்டும் அவர்தான் சொன்னார். பல்லில் ஒரு நரம்பைக் கடித்து இழுத்துக்கொண்டே சொன்னார்.

"வெளிய ஆடறது வேற, இங்க ஆடறது வேற. பந்த அவரு கைக்கே போடணும். அதுக்குன்னு ரொம்ப நேரா போட்டாலும் கோவம் வந்துடும், தர்மம் பண்றான்னு. ஒரு எட்டு வச்சு அடிக்கிற மாதிரி போடு. நீ முடிக்கக் கூடாது. அவரு முடிக்கணும்."

"நானே முடிச்சுட்டா இன்னா ஆவும்?"

"நீ ஜெயிப்ப. மறுநாளு தறிக்குப் போவ."

"சரிண்ணா. களைச்சுப்போனா?"

"போதும்னு நீ சொல்லக் கூடாது. அதயும் அவருதான் சொல்லணும். வண்டி மாடு எங்கனா 'எறங்குங்க சார்'ன்னு சொல்லுமா?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன்.

அவர் ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். மெம்பர் எப்படி அடித்தாலும், பந்து எந்த மூலைக்குப் போனாலும், அது திரும்பி வந்து மெம்பரின் வலது கைக்கு ஒரு எட்டு தள்ளி விழும். பத்துத் தடவை என்றால் பத்துத் தடவையும். முன்னால் போட்டிகளில் மார்க்கர்களைச் சேர்க்க மாட்டார்கள், சம்பளத்துக்கு ஆடுகிறவன் என்று. சேர்த்திருந்தால் அவர் எங்கேயோ போயிருப்பார். நானும்தான்.

அந்த வருஷம் கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. எங்கள் ஊருக்கு மாற்றலில் வந்திருந்த ஒரு பெரிய அதிகாரி, நல்ல மனிதர், மார்க்கரைக்கூட வாப்பா போப்பா என்று மரியாதையாகப் பேசுவார், பக்கத்து ஊர் கிளப்போடு ஒரு ஆட்டத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். அதனால் சாயங்காலம் வரை காத்திருக்காமல் சாப்பிட்ட கையோடு வந்துவிடுவார். அண்ணாவுக்கு முதல் நாளிலிருந்து காய்ச்சல். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே என்னிடம், "இன்னிக்கி வெயில்ல பந்து வெந்துடும்பா. தோல உரிச்சு உப்பு தொட்டுத் துன்னலாம்" என்றார்.

நான் கோர்ட்டின் ஓரத்தில் பந்து பொறுக்கிப்போட நின்றேன். அவர் சட்டை முதலில் முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் பார்க்கிறேன், காய்ந்துவிட்டிருந்தது. வெள்ளைத் துணியில் இன்னும் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது, பாலாற்று மணலில் தண்ணீர் வற்றின இடத்தில் பூக்குமே, அந்த மாதிரி. வெயில் உலர்த்திவிட்டது என்று நினைத்தேன். எனக்கு என்ன தெரியும். டாக்டர் பிற்பாடு சொன்னார், உடம்பு வேர்க்கிறதை நிறுத்திவிட்டால் உள்ளே வேகிறது என்று அர்த்தமாம்.

பந்து மட்டும் தவறவே இல்லை. வலது கைக்கு ஒரு எட்டு. வலது கைக்கு ஒரு எட்டு. கடைசிப் பந்தும் அப்படித்தான் போனது. அதிகாரி ஓங்கி மூலைக்கு அடித்துவிட்டு, "சபாஷ்!" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு துண்டை எடுக்கத் திரும்பினார். அண்ணா அந்த மூலையை நோக்கி இரண்டு எட்டு வைத்து, பந்தை எடுக்கக் குனிகிற மாதிரி முட்டி போட்டார். மட்டையைக் கீழே வைத்தார். போடவில்லை, வைத்தார். அப்புறம் கன்னத்தை மண்ணில் வைத்துப் படுத்துக்கொண்டார்.

அன்று பொழுது சாய்வதற்குள் போய்விட்டார்.

அந்த அதிகாரி அதற்குப் பிறகு ஆடவில்லை. சாயங்காலம் வருவார். மட்டையை, அது வளையாமல் இறுக்கி வைக்கிற மரக் கட்டையிலிருந்து கழற்றாமல் மடியில் வைத்துக்கொண்டு கோர்ட்டைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் நிறுத்தியிருக்க மாட்டேனா?"

"நிறுத்தியிருப்பீங்க சார்."

"அப்புறம் ஏன் சொல்லலை?"

வண்டி மாட்டுக் கதையை அவரிடம் எப்படிச் சொல்வது? தெரியாது சார் என்றேன். அவர் மாற்றலாகிப் போகும்வரை பார்க்கும்போதெல்லாம் அந்தக் கேள்வியையே கேட்டார். நானும் தெரியாது சார் என்றே சொன்னேன்.

அந்த இடத்துக்கு என்னைப் போட்டார்கள். நான் கேட்கவில்லை. ஆனால் என்னைவிட்டால் அந்த ஊரில் ஆள் இல்லை, அது எல்லாருக்கும் தெரியும். அவருடைய வெள்ளை உடுப்பு எனக்குத் தைத்த மாதிரி இருந்தது. ஆடத் தொடங்கி ஒரு வாரம்கூட இருக்காது, டாக்டர் பாதி ஆட்டத்தில் மட்டையைத் தாழ்த்திக்கொண்டு நின்றுவிட்டார்.

"என்னப்பா இது, அவன் போடற மாதிரியே போடறே."

"நல்லதுதானே சார்?"

"நல்லதுதான்" என்று சொல்லிவிட்டுப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

நான் பேய் பிசாசுக்குப் பயப்படுகிற ஆள் இல்லை. பாலாற்றங்கரைச் சுடுகாட்டு வழியாகத் தனியாக நடந்து வந்தவன். ஆனால் நடந்ததை நடந்த மாதிரி சொல்ல வேண்டும். கிளப்பின் பின்பக்கம் ஒரு பழைய சுண்ணாம்புச் சுவர் உண்டு. நடுப்பகலில் மெம்பர்கள் யாரும் இல்லாத நேரம் நான் அதில் பந்தடித்துப் பழகுவேன். அண்ணா இருந்த காலத்திலேயே அடிப்பேன். மட்டையில் ஒரு சத்தம், சுவரில் ஒரு சத்தம். அவ்வளவுதான் இருக்கும். அவர் போன பிறகு மூன்றாவதாக ஒரு சத்தம் கேட்டது. சுவரில் பட்ட பிறகு, கொஞ்சம் தள்ளி, மெதுவாக. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருவர் அதைத் திருப்பி அடிக்கிற மாதிரி.

கிளப் காவலாளி, "அந்தாண்ட பட்டுக்காரரு குடோன் இருக்குதுல்ல, எதிரொலிபா" என்றார். இருக்கலாம். குடோன் முன்னாலும் இருந்தது. தெருவில் தறிச் சத்தமாக இருக்குமோ என்று ஒரு அமாவாசை அன்று போய் அடித்துப் பார்த்தேன். அன்றைக்கு எங்கள் பக்கம் தறி ஓடாது. ஊரே அமைதி. மூன்றாவது சத்தம் இன்னும் தெளிவாகக் கேட்டது.

அதைவிட மோசம் என் கை. தனியாக இருக்கும்போது மூலைக்கு அடித்துப் பார்ப்பேன், மூலைக்குப் போகும். எதிரில் ஒரு ஆள் நின்றுவிட்டால் போதும், பந்து அந்த ஆளின் வலது கைக்கு ஒரு எட்டு தள்ளிப் போய் விழும். நான் மூலையைத்தான் பார்க்கிறேன். மூலைக்குத்தான் வீசுகிறேன். கை நான் சொன்னதைக் கேட்கவில்லை. அது கேட்டது வேறொருவர் பேச்சை.

இப்படி இரண்டு மூன்று வருஷம் போனது. அப்புறம்தான் மெட்ராஸ் கிளப் ஒன்றின் போட்டியில் மார்க்கர்களும் ஆடலாம் என்று சேதி வந்தது. காலம் மாறிவிட்டது, வெளிநாட்டிலேயே காசுக்கு ஆடுகிறவனும் சும்மா ஆடுகிறவனும் ஒன்றாக ஆடுகிறார்கள் என்று வக்கீல் படித்துச் சொன்னார். எங்கள் செகரெட்டரி என் பெயரைக் கொடுத்தார். மெட்ராஸ்காரர்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார்கள்: இரண்டு ஆட்டம் ஜெயிக்கிற மார்க்கரைத் தங்கள் செலவில் ஊர் ஊராகப் போட்டிக்கு அனுப்புவோம். சாணி மெழுக வேண்டாம். உருளை இழுக்க வேண்டாம். ஆட்டக்காரன் என்று சொல்லி நாற்காலியில் உட்காரலாம். எனக்கு வேண்டியது அந்த நாற்காலிதான். இரண்டு ஆட்டம். நான் ஜெயிப்பேன் என்று தெரிந்தே பஸ் ஏறத் தயாரானேன்.

ஒரு நல்ல மட்டை இல்லை, அதுதான் குறை. அண்ணாவின் மட்டை ஓரிக்கையில் அண்ணியிடம் இருந்தது. போய்க் கேட்டேன். அண்ணி வாசலில் நெல் புடைத்துக்கொண்டிருந்தார். நான்கு வயதுப் பிள்ளை தவிட்டில் விளையாடிக்கொண்டிருந்தது.

"எடுத்துக்கினு போபா. இங்க இருந்தா இன்னா, கோழி தொரத்தத்தான் ஆவுது."

நரம்பெல்லாம் விட்டுப்போன மட்டையை ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, "தம்பி" என்று கூப்பிட்டார்.

"அவரு அன்னிக்கித் தண்ணி கேட்டாரா?"

"இல்ல அண்ணி."

"எதுனா சொன்னாரா?"

"ஒண்ணுமே சொல்லல."

அவர் முறத்தை ஒரு தட்டுத் தட்டினார். "எங்கிட்ட மட்டும் வாய் ஓயாம பேசுவாரு. கொழம்புல உப்பு இல்லன்னா தெருவுக்கே கேக்கும். அங்க போயி ஊமையா நின்னாராமா." அப்புறம் என்னைப் பார்க்காமலே சொன்னார்: "நீ அந்த ஆளு மாதிரி ஆடாத."

மட்டைக்கு நானே நரம்பு கட்டினேன். தறிக்காரன் பிள்ளைக்கு இழையின் இறுக்கம் விரலிலேயே தெரியும். அந்த மாதிரி கட்ட அன்றைக்கு மெட்ராஸில்கூட ஆள் இல்லை.

முதல் ஆட்டம் ஒன்றுமே இல்லை. ஏதோ ஒரு பேங்க்காரர். அவர் அடித்ததையெல்லாம் திருப்பித் திருப்பி அவர் கைக்கே போட்டேன். அவர் முடிக்கப் பார்த்துப் பார்த்து வெளியே அடித்துத் தோற்றார். நான் ஒரு பந்துகூட முடிக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவன், "இன்னாடா இவன், செவுரு மாதிரி!" என்று கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. சந்தோஷத்தில் இல்லை.

மறுநாள் இரண்டாவது ஆட்டம். எதிரில் ஒரு காலேஜ் பையன், என் வயதுதான் இருக்கும். பெரிய இடம். பையில் நான்கு மட்டை வைத்திருந்தான். அவன் அப்பா பந்தலுக்குக் கீழே சோடா குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மே மாசம். மெட்ராஸில் மத்தியானத்துக்கு மேல் கடல் காற்று வரும் என்பார்கள். அன்றைக்கு வரவில்லை. இலை அசையவில்லை.

பையன் அருமையாக அடித்தான். நான் அவன் கைக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். மூலை காலியாகத் தெரியும். அடிப்பேன். பந்து அவன் வலது கைக்கு ஒரு எட்டு தள்ளிப் போய் விழும். முதல் செட் அவனுக்குப் போனது. பக்கம் மாறும்போது என்னைக் கடந்து போனவன் சத்தமாகவே சொன்னான்:

"மார்க்கர், ப்ராக்டிஸ் பிரமாதமா குடுக்கறே! தெனமும் வீட்டுக்கு வந்துடறியா?"

பந்தலில் சிரிப்பு. நான் குழாயைத் தேடினேன். எனக்கும் நாற்காலி போட்டிருந்தார்கள், ஆனால் எனக்கு உட்காரத் தோன்றவில்லை.

இரண்டாவது செட்டில் அவன் கை ஓங்குவது குறைந்தது. பந்து கோட்டுக்கு ஒரு சாண் வெளியே போக ஆரம்பித்தது. நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. உருளை இழுத்த உடம்புக்கு அந்த வெயில் ஒரு வெயிலா? செட் எனக்கு வந்தது. மூன்றாவதில் நான் முன்னால் போனேன். இன்னும் கொஞ்சம்தான். என்னோடு வந்திருந்த செகரெட்டரி பந்தலில் எழுந்தே நின்றுவிட்டார். நாற்காலி, ஊர் ஊராகப் பயணம், எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

அப்போதுதான் அவன் முதுகைப் பார்த்தேன். பந்து எடுக்கத் திரும்பினான். சட்டை காய்ந்திருந்தது. தோள்பட்டையிலிருந்து இடுப்புவரை உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது.

என் கால் நின்றுவிட்டது. எதிரில் நின்ற அந்தப் பணக்காரப் பையனுக்கு மீசை கிடையாது, தலையில் எண்ணெய் கிடையாது. ஆனாலும் வலைக்கு அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அன்று நான் ஓரத்தில் நின்று பார்த்தேன். இன்று பந்தை அனுப்பிக்கொண்டிருப்பது நான்.

சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்று நினைத்தேன். நான்கு பந்து மூலைக்கு அடித்தால் ஆட்டம் முடிந்துவிடும், அவனும் நிழலுக்குப் போய்விடுவான். ஓங்கி அடித்தேன். பந்து அவன் கைக்குப் போனது. மறுபடி அடித்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு. வலையில் விழுந்தது. அடுத்தது மறுபடி அவன் கைக்கு. முடிக்கத் தெரியாத கை. அவன் வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டு, தள்ளாடி, அதையும் திருப்பி அடித்தான். அடிக்க அடிக்க ஆட்டம் நீண்டுகொண்டே போனது. என் மட்டையில் ஒரு சத்தம், அவன் மட்டையில் ஒரு சத்தம். அதற்கப்புறம், எங்கோ தள்ளி, மூன்றாவதாக ஒன்று. அங்கே சுவரே கிடையாது. சுற்றி மரம்தான்.

நான் அம்பயரிடம் போனேன். உயரமான நாற்காலியில் தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சார், அவருக்கு முடியல. நிறுத்துங்க சார்."

"உனக்கு முடியலைன்னா சொல்லு. அவருக்காக நீ சொல்ல முடியாது."

"வேர்வ நின்னுபோச்சு சார், பாருங்க. இப்பிடி ஒருத்தரு எங்க ஊர்ல..."

"ஆடறியா இல்லையா?"

பையன் வலைக்கு அருகில் வந்தான். கண் எங்கேயோ பார்த்தது. நாக்குக் குழறியது. "எனக்கு ஒண்ணும்... இல்ல. பயமா... மார்க்கர்? ஆடு." அவன் அப்பா பந்தலிலிருந்து, "டேய், விடாதடா!" என்று குரல் கொடுத்தார்.

எனக்குப் புரிந்தது. அவன் சொல்ல மாட்டான். அப்பா பார்க்கிறார். அம்பயர் சொல்ல மாட்டார். சட்டம் அப்படி. அங்கே இருந்த எல்லாரிலும் போதும் என்று சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான். என் தொழிலில் மட்டும்தான் அந்த வார்த்தை கிடையாது.

"அப்ப எனக்கு முடியல சார்" என்றேன். "போதும்."

சத்தமாகத்தான் சொன்னேன். அந்த மைதானத்துக்கே கேட்டது. மட்டையைக் கீழே வைத்தேன்.

பையனுக்கு ஜெயம் என்று அம்பயர் சொன்னார். அவன் கையைத் தூக்கினான். கைகொடுக்க என்னை நோக்கி வந்தவன் வலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தான். நான்தான் வலையைத் தாண்டிப் போய்த் தூக்கினேன். உடம்பு அடுப்புக்கல் மாதிரி கொதித்தது. சோடா வைத்திருந்த ஐஸ் பெட்டியைக் கவிழ்த்து அவன் தலையில் கொட்டினேன். அவன் அப்பா என்னைத் தள்ளிவிட்டுக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். பிழைத்துக்கொண்டான். நான்கு நாளில் எழுந்து நடந்தானாம். பிற்காலத்தில் பெரிய உத்தியோகத்துக்கும் போனான். எனக்கு ஒரு வார்த்தை அனுப்பினதில்லை.

பேப்பரில் மறுநாள் ஒரு வரி வந்தது. வக்கீல் படித்துக் காட்டினார். காஞ்சிபுரத்து மார்க்கர் வெயில் தாங்காமல் ஆட்டத்திலிருந்து விலகிக்கொண்டார் என்று. நான்! கத்திரி வெயிலில் கல் உருளையை ஒற்றை ஆளாக இழுத்தவன்! கிளப்பில் யாரும் நேரடியாகக் கேலி செய்யவில்லை. "கொஞ்சம் மோர் குடிச்சுட்டுப் போயிருக்கலாம்ப்பா" என்று பட்டு வியாபாரி ஆறுதல் சொன்னார். அது கேலியைவிட மோசம். நான் விளக்கம் சொல்லிப் பார்த்தேன். தோற்றவன் சொல்கிற கதையை யார் கேட்பார்கள்? மெட்ராஸ் நாற்காலி வேறொரு ஊர் மார்க்கருக்குப் போனது.

மட்டையைத் திருப்பிக் கொடுக்க ஓரிக்கைக்குப் போனேன். அண்ணியிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். உப்புப் பூத்ததைச் சொன்னேன். முதலில், "தோத்துட்டு வந்து கத வுடறியாபா?" என்று சிரித்தார். அப்புறம் சிரிக்கவில்லை. பிள்ளையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கறேன், நெஜத்தச் சொல்லு. போதும்னு சொன்னியே, அது உங் கொரலா, அவரு கொரலா?"

"என் கொரல்தான் அண்ணி."

"நல்லா யோசிச்சு சொல்லு."

"என் கொரலு எனக்குத் தெரியாதா?"

அவர் மட்டையை வாங்கிக்கொள்ளவில்லை. "நீயே வச்சுக்கோ. இந்த ஊட்டுல அதுக்கு இன்னா வேல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் மோர் கொண்டுவந்தார்.

அதற்குப் பிறகு நான் ஆடாமல் இல்லை. வேலூரில் ஆடினேன், திருவண்ணாமலையில் ஆடினேன், மார்க்கர்களுக்கென்றே வைத்த போட்டியில் கோப்பையும் வாங்கினேன். மூலைக்கு அடிக்கவும் கற்றுக்கொண்டேன். கை மெதுமெதுவாக என் பேச்சைக் கேட்க ஆரம்பித்தது, முழுசாக இல்லை. பிறகு கோர்ட் போடுகிற வேலைக்கு வந்தேன், லாரி வாங்கினேன், மாடி வீடு கட்டினேன். யாரிடமும் கைகட்டி நிற்காமல் இந்த நிலைக்கு வந்தவன் நான். என்னிடம் வேலைக்கு வருகிறவர்களிடம் முதல் நாள் ஒன்றுதான் சொல்வேன், முடியவில்லை என்றால் வாயைத் திறந்து சொல்லு, சொன்னவனை நான் வேலையைவிட்டு அனுப்பினதே இல்லை.

அண்ணி கேட்ட கேள்விக்கு அன்று சட்டென்று பதில் சொல்லிவிட்டேன். இன்றைக்குக் கேட்டால் அவ்வளவு சட்டென்று வராது. அந்த வார்த்தை என் வாயிலிருந்துதான் வந்தது. ஆனால் அதற்கு முன்னால் நான் ஒருநாளும் அதைச் சொன்னதில்லை. எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது.

கோர்ட் போடச் சொல்கிறவர்கள், பின்பக்கம் ஒரு சுவர் கட்டிக் கொடுங்கள், பிள்ளைகள் தனியாகப் பந்தடித்துப் பழகட்டும் என்று கேட்பார்கள். நான் கட்ட மாட்டேன். கம்பி வலைதான் போடுவேன். காற்று வரட்டும் என்று சொல்வேன். அதிகம் வற்புறுத்தினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுவேன். அப்படிக் கைவிட்ட வேலைகள் உண்டு. என்னைத் தெரிந்தவர்களுக்கு, நான் எதையும் சும்மா கைவிடுகிற ஆள் இல்லை என்று தெரியும்.

வேலை முடிந்து ஆட்கள் போன பிறகு, புதுக் கோர்ட்டில் தோள் உயரத்திலிருந்து ஒரு பந்தைக் கீழே விட்டுப் பார்ப்பது என் வழக்கம். நேராக எழும்பி இடுப்புக்கு வரும். ஒரு சத்தம். கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நிற்பேன். இன்னொன்று கேட்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் சாவியைக் கொடுப்பேன்.